பார்க்காமல் படித்த பேத்தி

இரண்டாம் வகுப்பில் இருக்கும் என் பேத்தி தமிழ்ப் பாடத்தை ஏற்ற இறக்கத்தோடு கணீரென்று படிப்பாள். கேட்பவர்களுக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் போன பருவத் தேர்வுக்குப் பிறகு பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. "தமிழ் வாசிக்க வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளட்டுமே, தாத்தாவுக்குத்தான் தெரியுமே" என்றார்களாம். மகனும் மருமகளும் சம்மதிக்கும் நிலையில் இருந்தார்கள்.

பிரெஞ்சு எனக்குச் சோறு போட்ட மொழி. அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் புதுச்சேரியில் பிறந்து, வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசும் பிள்ளை, தன் ஆயா எழுதி வைத்திருக்கும் மளிகைச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் வளர்வதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பருவம் மட்டும் என்னிடம் விடுங்கள் என்று கேட்டேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் உள்ள நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்த நான்கு மாதத்தில் செய்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் அவளுடைய புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். விழித்தாள். பாடத்தை முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்தச் சொல்லைப் பிடித்தாள். விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளை பாடத்தை வாசிக்கவில்லை. கேட்டு மனப்பாடம் செய்துவிட்டுப் படத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இதற்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும். மந்தமான பிள்ளையால் இது முடியாது.

அடுத்து எழுத்துகளைப் பார்த்தேன். அ, ஆ, இ என்று வரிசையாகக் கேட்டால் தடங்கலே இல்லை. கலைத்துப் போட்டு எழுதிக் காட்டினால் பாதிக்கு மேல் தடுமாற்றம். தமிழில் எழுத்து 247 என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக மீதி 216 உயிர்மெய். அவற்றில் பெரும்பாலானவை அடிப்படை எழுத்தோடு கால், கொம்பு, சுழி சேர்ந்து வருபவைதான். உ, ஊ வரிசையில் உள்ள 36 மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை. கு, சு, து, டு, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அவற்றைத் தனியாகத்தான் பழக்க வேண்டும்.

ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் வைத்துத் தொடங்கினோம். படம், மடம், பட்டம். பிறகு ர, க, ல, ள சேர்த்ததும் மரம், கடல், பகல், பள்ளம் என்று வந்துவிட்டது. நாலைந்து நாளில், இதுவரை பார்த்திராத ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

பெரிய சிக்கல் கொம்பில் இருந்தது. "தேன்" என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'த்'. "கொடி" என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டுக்கும் நடுவில் க. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? "கொம்பைக் கண்டால் நில்லு, அடுத்ததையும் சேர்த்துப் பாரு" என்று ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன். நான் பள்ளியில் முட்டி மோதிய கதையையும் சொன்னேன். பிரெஞ்சில் பறவைக்கு 'உவாஸோ' என்று பெயர். எழுத ஆறு எழுத்து. அதில் ஒன்றுகூடத் தன் சொந்த ஒலியில் நிற்காது. "அய்யய்யோ, நம்மளுது பரவால்ல தாத்தா" என்றாள்.

பயிற்சி அட்டைகளை நானே எழுதினேன். அதில் ஒரு எச்சரிக்கை, முக்கியமாக நம் வயதுக்காரர்களுக்கு. ணை, லை, ளை, னை எழுத்துகளை நாம் யானைத் தும்பிக்கை போட்டு எழுதிப் பழகியவர்கள். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டாலும், தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-ல்தான். நம் கை இன்னும் பழைய வடிவத்துக்கே போகும். பிள்ளைக்கு எழுதும்போது கவனமாகப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.

தினமும் மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகு கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இழுக்கவில்லை. முதலில் நான் ஒரு பத்தியை விரல் வைத்து வாசிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவள் தனியாக. அடுத்த நாள் அதே பத்தியை மறுபடி வாசித்துவிட்டுத்தான் புதியது. மனப்பாடமாகிவிடாமல் இருக்க, நடுவில் நாலு சொல்லைக் கலைத்துக் கேட்பேன். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்பேன். வாயால் எழுத்துக் கூட்டுவதோடு மனம் கதையைப் பிடித்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

தவறு செய்தால் உடனே திருத்தவில்லை. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பாதி நேரம் தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்வாள். தவறிலும் இரண்டு வகை உண்டு. "தண்ணீர்" என்று அச்சிட்டிருப்பதைத் "தண்ணி" என்றும், "வந்துவிட்டான்" என்பதை "வந்துட்டான்" என்றும் படித்தால் பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது. நாம் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று என்று சிரித்துக்கொண்டே காட்டினால் போதும். "மரம்" என்பதை "மாடு" என்றால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிறாள் என்று பொருள். அங்கேதான் நிறுத்தி, சொல்லின் கடைசிவரை விரலை நகர்த்தச் சொல்ல வேண்டும்.

க என்ற ஒரே எழுத்து "கல்"லில் ஒரு விதமாகவும் "தங்க"த்தில் ஒரு விதமாகவும் ஒலிப்பதை அவளுக்கு விதியாகச் சொல்லவே இல்லை. தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கு தானே திருத்திக்கொள்கிறது. அதனால்தான் பிள்ளையோடு பேச வேண்டும், கதை சொல்ல வேண்டும். அந்த வேலையை ஆயா எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே புத்தகம். நம் ஊர் வீதிப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தே இருப்பது வசதி: தமிழ் அவளுக்கு, பிரெஞ்சு எனக்கு. புஸ்ஸி வீதியும் மிஷன் வீதியும் அப்படித்தான் வந்தன. பஸ் நிலையத்தில் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர். மதகடிப்பட்டு மூன்று வாரம் எடுத்தது. 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கும் அழைத்துப் போனேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, அவளே எடுக்கட்டும் என்று தள்ளி நின்றேன்.

பருவ முடிவில் பள்ளியில் அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மெதுவாகத்தான் வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். இரண்டிலும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டாள். பழைய கணீர்க் குரல் இல்லை. ஆனால் இந்த முறை உண்மையாகவே வாசித்தாள். தமிழ் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் தடங்கலில்லாமல் படித்தால் மகிழுங்கள். கூடவே ஒரு நாள் படத்தை மறைத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். விழித்தால் கோபிக்க வேண்டாம். ட, ப, ம-விலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.