வாயும் துடுப்பும் தெரியாத படம்

ஒகேனக்கல்லில் மீன் வெட்டுபவர்கள் மீனை வெறும் கண்ணால் இனம் பிரிப்பதில்லை. கூடையிலிருந்து எடுத்ததுமே கட்டைவிரல் மீனின் வாய்க்குப் போய்விடுகிறது. தலை பெருத்து, வாய் மேல்நோக்கி, மீசையில்லாமல் இருந்தால் கட்லா; கீழுதடு தடித்து ஓரம் பிசிறாக இருந்தால் ரோகு. அதன் பிறகுதான் செதிலும் முதுகின் வளைவும். அங்கே நின்று பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: படத்தை வைத்து ஆற்று மீனை இனம் காண முடியும், ஆனால் அந்தக் கைகள் தேடும் உறுப்புகள் படத்தில் இருக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு எடுத்த படம் மீனின் பருமனைக் காட்டும், பெயரைச் சொல்லாது.

காவிரியின் கூன்முதுகு மஹ்சீரை எடுத்துக்கொள்வோம். 1873-இல் எச்.எஸ். தாமஸ் எழுதிய தூண்டில் நூலுக்குப் பிறகு உலகப் புகழ் பெற்ற மீன் இது. 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. இருந்தும் நூறாண்டுக்கு மேலாக இதற்குச் சரியான அறிவியல் பெயர் இல்லை. முசுல்லா என்ற வேறொரு மீனின் பெயரிலேயே புழங்கிவந்தது. காவிரிப் படுகையின் மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, இது டோர் ரெமாதேவி என்று 2018-இல்தான் நிறுவினார்கள். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் மிக அருகிய இனமாகவும் சேர்ந்தது. இந்த மீனைத் துடுப்பின் ஆரஞ்சு நிறமும் செவுள் மூடிக்கு மேலே எழும் கூனும் காட்டிக்கொடுக்கும். லோனாவாலாப் பொரிப்பகத்துக் குஞ்சுகளாகக் காவிரியில் விடப்பட்ட டோர் குத்ரீ என்ற வேறொரு மஹ்சீருக்குத் துடுப்பு நீலம். தூண்டில்காரர்கள் பிடித்த மீனோடு எடுத்துக்கொண்ட படங்களில் துடுப்பின் நிறமும் கூனும் தெரிந்தது, ஆரஞ்சுத் துடுப்பு குறையக் குறைய நீலத் துடுப்பு பெருகிய கதையை ஆய்வாளர்கள் மீட்க உதவியது.

மரபணுச் சோதனை இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சோதனைக்குத் திசு வேண்டும். எப்போதோ பிடிபட்டுப்போன மீன் இன்று திசு தராது, அதன் படம் இருக்கிறது. கைபேசிச் செயலியே பெயர் சொல்லிவிடுமே என்பது அடுத்த கேள்வி. செயலி கற்பது மனிதர் பெயரிட்ட படங்களிலிருந்து. முசுல்லா என்று எழுதிய படத்தைக் கொடுத்தால் அதுவும் முசுல்லா என்றே சொல்லும். படம் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. ஆற்றையும் அதன் பகுதியையும் சொன்னால் ஆய்வுக்குப் போதும், மடுவைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஆற்றோரம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீனைப் பக்கவாட்டில் கிடத்தித் துடுப்புகளை விரித்து ஒரு படம், வாயை நெருக்கத்தில் ஒரு படம், அளவு தெரிய அருகில் ஒரு அடிக்கோல். செத்த மீனின் நிறம் மங்கிவிடும் என்பதால் பிடித்த உடனேயே எடுங்கள். உயிரோடிருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொட்டு, படம் எடுத்த கையோடு ஆற்றில் விட்டுவிடுங்கள்.