உப்பு மேல பெயிண்ட் நிக்காது

பெங்களூர்ல ஆணி புடுங்குற நேரம் போக ஊருக்குப் போனா எனக்கு ஒரு வேலை நிச்சயம். அப்பாவோட காரைத் துடைக்கிறது. ஊரு ராமேஸ்வரம். காலைல துடைச்ச கண்ணாடில சாயங்காலம் விரலை வச்சு நக்கிப் பாருங்க, கரிக்கும். வண்டிக்கு 11 வயசு. "இதுதான்டா எனக்குக் கடைசி வண்டி"ன்னு அப்பா ரிட்டயர் ஆன அன்னிக்கே சொல்லிட்டார். அதனால இது துருப்பிடிக்காம ஓடியாகணும்.

மேல ஏதாவது கோட்டிங் போடலாம்னு மதுரைல ஒரு கடைக்குப் போனோம். ரெண்டு மணி நேரத்துல முடிச்சுத் தர்றோம்னாங்க. அதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "வாட்டர் வாஷ் சார்." அவ்ளோதான். வண்டியத் திருப்பிட்டேன்.

ஏன்னா எங்க ஊர்ல பாம்பன் பாலத்தைப் பாத்து வளர்ந்த எவனும் இதுக்கு ஒத்துக்க மாட்டான். 1914-ல திறந்த ரயில் பாலம். தூக்குப் பகுதி அரிச்சுப் பலவீனமாகி 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னுபோச்சு. எங்க தெருத் தாத்தா ஒருத்தர் அந்தப் பாலத்துல பெயிண்ட் கேங்குல கலாசியா இருந்தவர். "பெயிண்ட் அடிச்சது கம்மி தம்பி, சுரண்டுனதுதான் ஜாஸ்தி"ம்பார். 2025 ஏப்ரல் 6-ல திறந்த புதுப் பாலத்துக்குத் துத்தநாகப் பூச்சு, அதுக்கு மேல பாலிசிலாக்ஸேன் பெயிண்ட். துத்தநாகத்தை உருக்கிப் பீய்ச்சணும்னா முதல்ல இரும்பு மேல துகளை வேகமா அடிச்சு, துரு உப்பு எல்லாம் போக்கி, சொரசொரப்பாக்கணும். அப்பதான் பிடிக்கும். அடியில உப்பு மிச்சமிருந்தா அது பெயிண்ட் வழியாவே ஈரத்தை இழுக்கும். கொப்புளம் வரும்.

காருக்கு நேர்மாறு. சொரசொரப்பு ஆகாது, வழவழன்னு இருக்கணும். ஆனா சுத்தம் ஒண்ணுதான். சீலண்ட் ரொம்ப மெல்லிசு. அடியில எது கிடக்கோ அதையும் சேத்துப் பூட்டி வச்சிரும்.

முதல்ல தொடவே கூடாது. உப்புப் பரலும் தனுஷ்கோடி மணலும் துணிக்கடியில மாட்டுனா கீறல் நிச்சயம். தண்ணியப் பீய்ச்சியே கழுவணும், சக்கரத்துக்கு உள் வளைவு, அடிப்பாகம் உட்பட. அப்புறம்தான் ஷாம்பு. இங்கதான் வில்லங்கம். எங்க போர் தண்ணியே உப்பு, காஞ்சா வெள்ளை வெள்ளையா வட்டம் விழும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணி எடுத்தேன். அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "குடிக்கவே காசு குடுத்து வாங்குறோம், வண்டிக்குக் கேன் தண்ணியா?" நியாயம்தானே. செடிக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்ல ஊத்தி ஒரே கேன்ல முடிச்சேன்.

காஞ்சப்புறம் கையில மெல்லிசான பாலிதீன் பையை மாட்டிக்கிட்டு பானட்டைத் தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் நறநறங்கும். பிரேக்ல இருந்து வர்ற இரும்புத் தூளுக்கு அயர்ன் ரிமூவர், அடிச்சா ஊதா நிறத்துல ஒழுகும் (அப்பா பயந்துட்டார், பெயிண்டே கரையுதுன்னு). மிச்சத்துக்கு கிளே பார். ஒரு மாதிரி களிமண்ணு, வழுக்குற திரவம் தெளிச்சு மெதுவா தேய்க்கணும். கீழ விழுந்துட்டா அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுருங்க, மணலோட தேய்ச்சா கதை கந்தல்.

அப்புறம் பாலிஷ். பாலிஷ் போட்டதும் பளபளக்கும், இதுவே போதும்னு தோணும். ஆனா அந்தப் பளபளப்புல பாதி எண்ணெய். அது இருந்தா சீலண்ட் ஒட்டாது. தண்ணி கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு எடுத்தா எது கீறல், எது வழவழப்புன்னு உண்மை முகம் தெரியும். மறுபடி அங்கங்க பாலிஷ், மறுபடி துடைப்பு. இதுலயே ரெண்டு நாள் போச்சு. சீலண்ட் பூசினது மூணாம் நாள் காலைல ஆறு மணிக்கு, ஷெட்டுக்குள்ள, காத்து மணலைக் கிளப்புறதுக்கு முன்னாடி. முக்கால் மணி நேரம்!

கல் தெறிச்சு இரும்பு தெரிஞ்ச இடத்துக்கு மட்டும் சீலண்ட் ஒரு மருந்தும் இல்ல. பின் சக்கர வளைவுல அப்படி ஒரு இடம் இருந்துச்சு. வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி, பிரைமர், பெயிண்ட்னு முன்னாடியே முடிச்சுட்டேன். இடது பக்கக் கதவுக்குக் கீழ இன்னும் ரெண்டு கொப்புளம் இருக்கு. அதுக்கு ஷெட்டுல ஜாக்கி போட்டுத் தூக்கணும். பொங்கல் லீவுக்கு வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.