ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்னதான் வேலை செய்வார்?



பி.காம் படிப்பவன் மருத்துவம் பற்றி ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. காரணம் இருக்கிறது. என் சித்தி மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, பி.ஓ.டி. (பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி) படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் ஆளுக்கு ஒரு விளக்கம். "வேலை வாங்கித் தருகிற படிப்பா?" என்றார் ஒரு மாமா. "பிசியோதெரபிக்கு இன்னொரு பெயர்" என்றார் இன்னொருவர். "ஐ.டி.ஐ. மாதிரி ஏதாவது தொழில் சொல்லித் தருவார்கள்" என்றாள் பாட்டி. மூன்றுமே தவறு. ஆனால் மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதுதான் வேடிக்கை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். 'ஆக்குபேஷன்' என்றதும் நமக்குச் சம்பளம் வரும் வேலைதான் நினைவுக்கு வருகிறது. இவர்கள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பெரியது. ஒரு மனிதனின் நாளை நிரப்புகிற எல்லாமே ஆக்குபேஷன். பல் துலக்குவது, குளிப்பது, சோறு பிசைந்து சாப்பிடுவது ஒரு வகை. கடைக்குப் போவது, பள்ளிக்குப் போவது, சமைப்பது இன்னொரு வகை. சீட்டு விளையாடுவது, கோயிலுக்குப் போவது, பேரப் பிள்ளையைத் தூக்குவது மூன்றாவது வகை. நோயோ விபத்தோ பிறவிக் குறையோ இவற்றில் எதைப் பிடுங்கிக்கொள்கிறதோ, அதைத் திரும்பப் பெற்றுத் தருவது, முடியாவிட்டால் வேறு வழியில் செய்ய வைப்பது, இதுதான் அவர்கள் வேலை.

பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். தோளும் முழங்கையும் எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு பலம், நடை எப்படி என்பதில் பிசியோதெரபிஸ்டின் கவனம் அதிகம். அந்தக் கையை வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்பதில் இவருடைய கவனம் அதிகம். இரண்டு பேரும் தேவை. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரியும் இருக்காது.

கொஞ்சம் வரலாறு. போர் அடித்தால் அடுத்த பத்திக்குத் தாவி விடுங்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒரு கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது, காலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது, பிறகு இடது பக்கம் செயலிழந்தது. தச்சு வேலை, தோட்ட வேலை என்று ஏதாவது செய்துதான் தன்னைத் தேற்றிக்கொண்டார். 1914-இல் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். 1917-இல் அதே ஊரில் கூடிய சிலர்தான் இந்தத் தொழிலுக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதாவது, இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டரே இல்லை, நோயாளி! நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1952-இல் அகில இந்திய சங்கம் வந்தது. அதே வருடம் உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது இந்தியாவும் தொடக்க உறுப்பினர்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். பிச்சை எடுத்துப் பிழைத்த சிலருக்குக் கை சரியானதும் பிச்சை விழவில்லை! வேறு தொழிலும் தெரியாது. கையை மட்டும் சரி செய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்று அங்கே தச்சு வேலை போன்றவை கற்றுத் தரும் இடம் ஒன்று உருவானது. அதே மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்ததற்கு அவர்தான் காரணம். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. என்னைக் கேட்டால், மேலே சொன்ன அர்த்தத்துக்கு இந்த இரண்டு பேரை விட நல்ல உதாரணம் கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவால்.

எங்களுக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு மளிகைக் கடை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். உயிருக்கு ஆபத்தில்லை என்று பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி விட்டார்கள். கால் மெதுவாகத் திரும்பியது. கை திரும்பவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. இரண்டாம் மாதம் சித்தப்பா வந்து, "அண்ணே, நல்ல விலைக்கு ஆள் இருக்கு, கைமாத்தி விட்ரலாம். இல்லேன்னா தம்பி காலேஜை நிறுத்திட்டு கல்லாவுல உக்காரட்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, வீட்டு நிலைமை அப்படி. அப்பா ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி மதுரையில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போனோம். முப்பது வயது இருக்கும், அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் கையைப் பிடித்துப் பார்க்கும் முன் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, காலையில கடைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

அப்பாவுக்கு அப்போது பேச்சு கொஞ்சம் குழறும். ஆனாலும் அரை மணி நேரம் சொன்னார். ஷட்டர் தூக்குவது, வாசல் தெளிப்பது, சாமி படத்துக்குப் பூ, மூட்டையைப் பிரிப்பது, தராசில் நிறுப்பது, பொட்டலம் மடித்து நூல் சுற்றுவது, பற்று நோட்டில் எழுதுவது, சில்லறை எண்ணுவது. அக்கா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு எதிரே மூன்று குறி போட்டார். இது கைக்குத் திரும்ப வரும், இதை வேறு மாதிரி செய்யலாம், இதை வேறு ஆள் செய்யட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதவள மேலாண்மைத் தாளில் 'ஜாப் அனாலிசிஸ்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் என்ன திறமை வேண்டும் என்று எழுதுவது... அதேதான்! நாம் ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோம். அவர் அதை வைத்து ஒரு மனிதனைக் கடைக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்.

மூன்று மாதம் பார்த்ததில் அவர்களுடைய கடமைகள் என்று நான் புரிந்துகொண்டது:

1. மதிப்பிடுவது. பார்த்தெல் இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படியேறுவது என்று 10 விஷயம், மொத்தம் 100 மதிப்பெண். அப்பா 45-இல் தொடங்கினார்.

2. இலக்கு வைப்பது. "கை சரியாகணும்" என்றால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "இன்னும் மூன்று வாரத்தில் இட்லியை வலது கையால் பிட்டுச் சாப்பிட வேண்டும்", இப்படித்தான் எழுதுவார். இட்லி முதலில், தயிர் சாதம் கடைசியில். ஏனென்று பிசைந்து பார்த்தால் தெரியும்.

3. அன்றாட வேலையையே பயிற்சியாகக் கொடுப்பது. சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரியால் அம்மாவுக்குக் காலையில் பாதி வேலை குறைந்தது.

4. கருவி செய்வது. விரல் மடங்கிப் போகாமல் இருக்க ஸ்பிளிண்ட் ஒன்று செய்தார். ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகுகிறது, அப்படியே கையில் வைத்து வடிவம் பிடிக்கிறார். கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கியதும் அவர் யோசனைதான்.

5. வீட்டையும் வேலை இடத்தையும் மாற்றுவது. குந்தி உட்காரும் கழிவறை, வழுக்கும் குளியலறை, உயரமான வாசப்படி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வரச் சொன்னார். எங்கே கைப்பிடி, எங்கே ஸ்டூல் என்று வரைந்து கொடுத்தார்.

6. வீட்டாருக்குச் சொல்லித் தருவது. "அந்தக் கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்கம்மா, தோள் மூட்டு நழுவிடும். எல்லாத்தையும் நீங்களே ஊட்டி விட்டா அவர் எப்ப சாப்பிடப் பழகுவார்?" அம்மாவுக்கு முதலில் கோபம், பிறகுதான் புரிந்தது.

7. எழுதி வைப்பது. ஒவ்வொரு தடவையும் என்ன செய்தோம், என்ன முன்னேற்றம் என்று குறிப்பு. டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் அதைப் படிக்க வேண்டுமே. நம்ம பாஷையில் லெட்ஜர்.

பக்கவாதம் மட்டும் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடுதான் இவர்களில் பலருக்கு நாள் முழுக்க வேலை. பென்சில் பிடிக்க, ஷூ மாட்ட, சத்தத்துக்கு மிரளாமல் வகுப்பில் உட்காரப் பழக்குகிறார்கள். அந்தக் குழந்தைக்கு விளையாட்டுதான் ஆக்குபேஷன், அதனால் சிகிச்சையும் விளையாட்டாகவே இருக்கும். மனநலத் துறையில், எழுந்து குளித்து ஒரு வேலையில் உட்காருகிற ஒழுங்கே குலைந்து போனவர்களோடு அந்த ஒழுங்கைத் திரும்பக் கட்டுகிறார்கள். கை அறுவை சிகிச்சை, தீக்காயம், முதியோர் இல்லம், தொழிற்சாலை என்று பட்டியல் நீளும்.

படிப்பு நான்கு ஆண்டு, அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறு, நரம்பியல், உளவியல் எல்லாம் உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் இவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடும் தந்தது. ஒதுக்கீடு கிடைத்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமே, அதற்கும் இப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும்.

இனி நம்ம கணக்கு. வாரம் இரண்டு நாள், மூன்று மாதம், 24 தடவை. ஒரு தடவைக்கு 400 ரூபாய், ஆக 9,600. பஸ் செலவு தனி. கடைக்கு ஒரு ஆள் போட்டால் மாதச் சம்பளமே இதை விட அதிகம். கடையை விற்றிருந்தால்? அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

கதை சினிமா மாதிரி முடியவில்லை. அப்பாவின் வலது கை முழுதாகத் திரும்பவில்லை, இனிமேலும் வராது என்று அக்கா நேராகவே சொல்லி விட்டார். ஆனால் பார்த்தெல் மதிப்பெண் 90-க்கு வந்தது. ஷட்டரை பக்கத்து டீக்கடைத் தம்பி தூக்கி விடுகிறான். எலக்ட்ரானிக் தராசு இடது பக்கத்துக்கு மாறியிருக்கிறது. நூல் சுற்றிய பொட்டலத்துக்குப் பதில் கவர். க்யூ.ஆர். அட்டையும் அந்தப் பேசும் பெட்டியும் வந்ததில் சில்லறை எண்ணும் தொல்லை பாதி போய்விட்டது. பற்று நோட்டு மட்டும் அப்பாவே எழுதுகிறார், நாலு கோடு நோட்டில், தடித்த பேனாவால், எழுத்து கோழி கிளறியது மாதிரி. எனக்கு மதிய ஷிஃப்ட் காலேஜ் என்பதால் காலையில் மூட்டை வேலை என்னுடையது. சித்தப்பா இப்போது சரக்கெடுக்க உதவுகிறார்.

அதனால் நண்பர்களே, வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது பக்கவாதமோ கை விபத்தோ வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் "இங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி தெரிய இரண்டு மாதம் ஆனது. ப்ளஸ் டூ முடித்த தம்பி தங்கை இருந்தால் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றும் சொல்லி வையுங்கள்.

பி.கு: சித்தி மகளுக்கு அப்பாதான் சிபாரிசு. "சேத்து விடுங்க, நல்ல படிப்பு" என்று மாமாவிடம் அவரே போனில் சொன்னார். பீஸ் எவ்வளவு என்று மாமா கேட்டதும் போனை என்னிடம் கொடுத்து விட்டார் :-)