ஒளித்து உண்ட மருந்து

மழை கொட்டும் இரவுகளில் மலைவாழ் மக்கள் கண்ணயர்வதில்லை என்று சமவெளியிலுள்ளோர் நினைப்பதுண்டு. அது சரியன்று. அடுக்கத்து மக்கள் நன்றாகவே உறங்குவார்கள். பகலெல்லாம் காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியடியிலும் பாடுபட்ட உடலுக்குக் கூரைமேல் விழும் மழையோசை தாலாட்டாகி விடுகிறது. உறங்காமல் விழித்துக் கிடந்தவர் ஒருவரே. அவர் அம்மக்களுக்கு ஆறுதல் சொல்லும்படி அனுப்பப்பட்டிருந்த நாம்தான்.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மலையேறி, அடுக்கத்தைக் கடந்து, பெருமாள்மலை அருகே கொடைக்கானல் சாலையைத் தொடும் பாதையை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து அடைபடுவது அப்பாதைக்குப் புதிதன்று. ஆயினும் 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரையேறிய கஜாப் புயல், கடலைக் கண்டறியாத எம் மலையையும் விட்டுவைக்கவில்லை. கொடைக்கானல் மலையெங்கும் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அறுந்தன. அன்றிரவு கேட்ட ஓசை நம் செவியைவிட்டு அகலவேயில்லை. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும், “மலை இறங்குகிறதோ?” என்று நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிற்று.

நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பது நம்மைப் பொறுத்தவரை வெறும் பேச்சன்று. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் நம் இருதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டது. குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தபோது, 1994-இல், அதனை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம் நாட்டு அறிஞர்கள் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட வால்வு அது. அத்தகைய வால்வு உடையவர்கள் அமைதியான இரவில் அதன் ஓசையைத் தாமே கேட்கலாம்; கைக்கடிகாரம் போல ‘டிக், டிக்’ என்று அடிக்கும். அச்சம் வந்தால் ஓசை விரையும். ஓசை விரைவதைக் கேட்டு அச்சம் பெருகும். பின்னும் ஓசை விரையும். இப்படியே விடியும்.

யாரிடம் சொல்வது? ஞாயிறுதோறும் பீடத்தின்முன் நின்று, “நாளையைக் குறித்துக் கலங்காதீர்கள்” என்று போதிக்கும் வாய், “எமக்கு இரவில் பயமாக இருக்கிறது” என்று எப்படிச் சொல்லும்? நள்ளிரவில் நம் அறையில் விளக்கு எரிவதைக் கண்ட உபதேசியார், “நம்ம சாமி ராவெல்லாம் செபம் பண்ணுறாங்க” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். மக்கள் இன்னும் பயபக்தியோடு கைகூப்பினார்கள். அன்பர்களே, நாம் அதை மறுக்கவில்லை. அதுவே நம் முதற் குற்றம்.

அடுத்த ஆண்டு கோடையில், ஜெர்மனி நாட்டில் பங்குப்பணி செய்யும் நம் குருமடத்துத் தோழர் விடுமுறையில் வந்தார். பழைய உரிமையில் அவரிடம் மட்டும் உறக்கமின்மையைச் சொன்னோம். அச்சத்தைப் பாதியாக்கிச் சொன்னோம். திரும்பிச் சென்றவர் ஒரு பெட்டி மாத்திரை அனுப்பிவைத்தார். “இது இரசாயனம் அன்று, வெறும் பூண்டு. இங்கே பாட்டிமார் மனக்கலக்கத்துக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். நம் ஸ்நாபக அருளப்பரின் பெயரே இதற்கு!” என்று எழுதியிருந்தார்.

அவர் எழுதியதில் பொய்யில்லை. ஸ்நாபக அருளப்பரின் பிறந்த நாளாகிய ஜூன் 24-ஐ ஒட்டி ஐரோப்பிய வயல் ஓரங்களில் மஞ்சளாகப் பூக்கும் செடி அது. மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாறு படியும். அதனை அப்புனிதர் சிந்திய இரத்தமாகப் பழங்கால மக்கள் கருதினர். ஒரு வேதசாட்சியின் பெயர் தாங்கிய பூண்டு நமக்கு என்ன தீங்கு செய்துவிடும்? பெட்டிக்குள் பலமுறை மடித்த தாள் ஒன்று இருந்தது. முழுவதும் ஜெர்மன் மொழி. நமக்குப் படிக்கத் தெரியாது. கட்டளைச் செப நூலுக்கு நல்ல பக்க அடையாளமாக இருக்குமென்று அதை நூலுக்குள் வைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கத் தொடங்கினோம்.

முதல் வாரமே மனம் இலேசானது போலத் தோன்றிற்று. பூண்டின் குணமா, ‘மருந்து உண்கிறோம்’ என்ற எண்ணத்தின் குணமா, அவ்வாரம் மழை பெய்யாததன் குணமா என்று இன்று கேட்டால் விடை சொல்ல இயலாது. அன்றோ, முழுப் புகழையும் பெட்டிக்கே கொடுத்தோம்.

செயற்கை வால்வு உடையவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டும். நமக்கு அது வார்ஃபரின். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டியாகி, அது மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். மிகுந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை மாதந்தோறும் செய்துகொள்வது நம் வழக்கம். இம்மருந்து உண்ணாதவருக்கு அவ்வெண் ஏறக்குறைய 1 இருக்கும். நமக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்கவேண்டும். பல ஆண்டுகளாக ஒழுங்காய் நின்ற எண், அம்மாதம் 1.6 என்று வந்தது.

மதுரையில் நம்மைக் கவனித்து வந்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வினவினார்: “ஃபாதர், மாத்திரையை ஒரு நாளாவது தவறவிட்டீர்களா?”

“இல்லை, டாக்டர்.”

“புதிதாகக் கீரை ஏதேனும் நிறையச் சாப்பிட்டீர்களா? வேறு மருந்து? நாட்டு மருந்து?”

“ஒன்றுமில்லை.”

பொய் சொல்கிறோம் என்ற உணர்வே நமக்கு எழவில்லை. பூண்டு மருந்தாகுமா என்று மனம் உடனே வழக்காடிற்று. ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. மாத்திரையைச் சொன்னால், ‘எதற்காக?’ என்பார், அச்சத்தைச் சொல்ல நேரும். மருத்துவர் நம் சொல்லை நம்பி வார்ஃபரின் அளவை உயர்த்தினார். பத்து நாளில் மீண்டும் வரச் சொன்னார். அப்போதும் எண் 1.4.

இம்முறை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “ஃபாதர், உங்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவர் பாதியை மறைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் குறி தப்பவில்லை. பல ஆண்டுகளாய் அந்தத் தட்டிக்கு உட்புறம் அமர்ந்து, சுற்றி வளைத்துப் பேசுவோரின் தயக்கத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தோம். அன்றுதான் வெளிப்புறத்தில் முழந்தாளிடுவோரின் தொண்டை எவ்வாறு அடைக்கும் என்பது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னோம்: மாத்திரை, மழை, விளக்கு, உபதேசியார் பரப்பிய புகழ், எல்லாவற்றையும்.

அவர் கோபிக்கவில்லை. “அந்தத் தாள் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். செப நூலிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவருக்கும் ஜெர்மன் தெரியாது. விரலால் வரிவரியாய்த் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, நம் பக்கம் திருப்பினார். அறியாத சொற்களின் நடுவே, நாம் நாள்தோறும் நம் மாத்திரை அட்டையில் காணும் அதே எழுத்துகள்: வார்ஃபரின். காலையும் மாலையும் நாம் கையால் தொட்டுப் புரட்டிய தாளில் நமக்கான எச்சரிக்கை அச்சாகியிருந்தது!

பிறகு அவர் விளக்கினார். இப்பூண்டிலுள்ள ஒரு சத்து, மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரலின் நொதிகளைத் தூண்டிவிடும். அதனால் உண்ட வார்ஃபரின் வேலை செய்யுமுன்னே கழிந்துபோகும். வார்ஃபரினுக்கு மட்டுமன்று, எச்.ஐ.வி. மருந்துகள், வலிப்பு மருந்துகள் சில, உறுப்பு மாற்றம் பெற்றவர்களின் மருந்து ஆகியவற்றுக்கும் இதே கதி. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், மாற்று இருதயம் பெற்ற இருவர் இப்பூண்டு மாத்திரையை உண்டதால், புதிய இருதயத்தை உடல் ஏற்க மறுக்கும் நிலைக்கு வந்ததை 2000-ஆம் ஆண்டில் மருத்துவ ஏடு வெளியிட்டது. மனச்சோர்வு மருந்துகளோடு இது சேர்ந்தால் வேறு விபரீதம். நாமாகவே இதை நிறுத்தியிருந்தாலும் ஆபத்துதான். ஈரல் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும், உயர்த்திய வார்ஃபரின் மிகையாகி இரத்தம் கசியும். எனவே சில நாட்களுக்கு ஒருமுறை பரிசோதித்து, அளவைப் படிப்படியாய்க் குறைத்தே நம்மைக் கரையேற்றினார்.

“பூண்டுதானே என்றீர்கள். உங்கள் வார்ஃபரின் எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்றும் கேட்டார். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தனவாம். அச்செடியில் கண்டறிந்த பொருளைப் பின்பற்றியே வார்ஃபரின் உருவாயிற்று; 1948-இல் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1954-இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. செடியில் பிறந்ததெல்லாம் சாது என்று எண்ணியிருந்த நமக்கு அது நல்ல பாடம்.

பூண்டின்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. மிதமான மனச்சோர்வுக்கு அது பயன் தருவதாக, 29 ஆய்வுகளை ஒப்புநோக்கி 2008-இல் வெளியான தொகுப்பு கூறுகிறது. நமக்கிருந்ததோ சோர்வன்று, அச்சம். அதற்கு இது உதவும் என்பதற்குச் சான்று குறைவு. அயல் வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டில் நுழையாவிட்டால் பிழை சாவியினுடையதன்று.

இச்செய்தி எப்படியோ ஊருக்குள் கசிந்தது. ஒருநாள் வயதான தாய் ஒருத்தி, மேல்மலைக்குப் போன பேரனிடம் சொல்லிப் பறித்துவந்த மஞ்சள் பூக்கொத்தை நீட்டி, “சாமி, சீமைப் பூண்டுன்னு தேடுனீங்களாமே, இது நம்ம மலையிலேயே கிடக்கே!” என்றாள். பழனி மலையின் உயர்பகுதிகளில் அப்பூண்டின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று மஞ்சளாய்ப் பூப்பது உண்மையே. செண்பகனூரைச் சார்ந்து உழைத்த சேசு சபைக் குரு மத்தேயு அடிகள் 1999-இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூலைப் புரட்டினால், இம்மலையின் செல்வம் விளங்கும். ஆனால் அந்தத் தாயின் மடியில் வலிப்பு மாத்திரைப் பொட்டலம் முடிந்திருப்பதை நாம் அறிவோம். “பூவை மாதா சுரூபத்துக்கு வை அம்மா, கஷாயத்துக்கு வேண்டாம்” என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னோம். ஏன் என்று சொல்லும்போது, நம் அச்சத்தையும் மறைக்க இயலவில்லை.

அவள் வியக்கவில்லை. “பயமா சாமி? அது எல்லாருக்கும் உள்ளதுதானே” என்றாள். அன்று மாலை உபதேசியாரையும் அழைத்து உள்ளதை உரைத்தோம். அவர் சற்றுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, “அடமழை ராத்திரியில நாங்க பையன்க முறை வச்சு முழிச்சுப் பாத்துக்கிடுறோம். ஏதாச்சும்னா மணியடிக்கிறோம். சாமி தூங்குங்க” என்றார். மருத்துவர் அனுப்பிவைத்த மனநல மருத்துவரிடமும் சென்றோம். மூச்சை நிதானிக்கவும், கவலைகளைப் பகலில் குறித்த வேளையில் எழுதிவைக்கவும், வால்வின் ஓசையோடு மல்லுக்கு நில்லாதிருக்கவும் பயிற்றுவித்தார். சில மாதங்களில் உறக்கம் திரும்பிற்று. அச்சம் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் அது இப்போது தனியே வருவதில்லை. மணியடிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற நினைவும் கூடவே வருகிறது.

இல்லங்களை நடத்தும் பெற்றோர்களே! துபாயிலிருந்து மகனும் ஜெர்மனியிலிருந்து மருமகளும் அன்போடு அனுப்பும் புட்டிகள் உங்கள் அலமாரியிலும் இருக்கும். படிக்கத் தெரியாத தாளைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது, இலை, வேர், எண்ணெய், மாத்திரை என்று உண்பவை அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். மனம் கலங்கி உறக்கம் கெட்டால், 2022 முதல் நடைபெறும் டெலி-மானஸ் என்னும் அரசுப் பணியின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அப்பழைய தாள் இன்றும் நம் செப நூலுக்குள்தான் இருக்கிறது. பக்கம் புரட்டும்போதெல்லாம் அந்த ஒரே சொல் கண்ணில் படுகிறது. அதை நாம் இப்போது மறைப்பதில்லை.