காற்றுப் படகும் இரும்பு நங்கூரமும்

2015-ஆம் வருஷத்து டிசம்பர் வெள்ளத்தில், சென்னை வீதிகளில் ரப்பர்ப் படகுகள் வந்து ஜனங்களைக் கரையேற்றியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு நாமும் இருவர் அமரத்தக்க ஒரு சிறு காற்றுப் படகை வாங்கினோம். நங்கூரத்தை மட்டும் நாமே செய்வதென்று தீர்மானித்தோம்.

10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகள் நான்கைக் கொக்கிகளாக வளைத்தோம். பட்டறைக்காரர் அவற்றை ஒரு குழாயில் பற்றவைத்துக் கொடுத்தார். அதற்கு அரை நாள். முனைகளை அரத்தால் ராவி மழுக்க இரண்டு நாள்!

"கூர் இல்லாத நங்கூரம் மண்ணைப் பற்றுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கயிறு குட்டையாயிருந்தால் எந்த நங்கூரமும் மேல்நோக்கி இழுபட்டுப் பெயர்ந்துவிடும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால், இழுப்புப் படுக்கைவாட்டில் அமைந்து, மழுங்கிய கொக்கியும் சேற்றில் புதையும். 2 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டர் கயிறு வேண்டும்.

காற்றை நம்பி ஜலத்தில் இறங்குகிறவனுக்கு, கூடவே ஏற்றிச் செல்லும் இரும்பின் ஒரு சிறு பிசிறும் பிராணாபத்து. ஆகையால், படகில் ஏற்றுமுன் ஒவ்வொரு சாமான்மீதும் பழைய மல் வேஷ்டித் துண்டொன்றைத் தேய்த்துப் பார்க்கிறோம். ஒரு நூல் சிக்கினாலும் அது மறுபடி அரத்துக்குத்தான் போகும்.