தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புதல்

"பஸ் ஏறப் போற, தண்ணி குடிக்காதே." பயணம் பற்றி அம்மா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. மதுரையிலிருந்து சென்னைவரை வறண்ட நாக்கோடு போய்ச் சேர்வதில் நான் தேர்ந்தவள். வழியில் பேருந்து நின்றால் அண்ணன் இறங்கி இருட்டுக்குள் போய் வருவான். நானும் அம்மாவும் சீட்டிலேயே உட்கார்ந்திருப்போம். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் மருத்துவர். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

இப்போது ஐம்பத்திரண்டு வயதில், தோழியோடு நியூசிலாந்தின் தென் தீவைக் கேம்பர்வேனில் சுற்றிவரத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, தெகாப்போ ஏரி வழியாகத் தே அனாவ், அங்கிருந்து மில்ஃபோர்டு சவுண்ட். பன்னிரண்டு நாள். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

"அவ்ளோ பெரிய வண்டியை நீயா ஓட்டுவே?" என்றார் கணவர். என்னிடம் உரிமம் இருபது வருடமாக இருக்கிறது. அவர் கூட வந்தால் சாவி தானாக அவர் கைக்குப் போய்விடும், அவ்வளவுதான். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சான நம் உரிமமே செல்லும். ஊருக்கு வெளியே வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீட்டர். ஒற்றைத்தடப் பாலங்கள் நிறைய. நம் திசைக்குச் சிவப்பு அம்பு போட்டிருந்தால் எதிரில் வருபவருக்கு வழிவிட வேண்டும். சாம்பார்ப் பொடி முதல் முறுக்குவரை எந்த உணவையும் மறைக்காமல் விமான நிலையத்தில் அறிவித்துவிட வேண்டும், இல்லையென்றால் 400 டாலர் அபராதம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

பயிற்சிக்காகத் தோழியின் காரைத் திருச்சிவரை ஓட்டினேன். கிளம்புமுன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். விராலிமலை அருகே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "பாத்ரூம் சாவி குடுங்க தம்பி" என்று கேட்டேன். நாலு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு கூசியது. ஆனாலும் சாவி கையில் வரும்வரை நகரவில்லை.

வண்டியைப் பதிவுசெய்யும்போது நான் முதலில் தேடியதும் கழிப்பறையைத்தான். முகாமுக்கு வெளியே பொது இடங்களில் இரவு தங்க வேண்டுமானால் பெரும்பாலும் வண்டிக்குத் தற்சார்புச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு, கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் உள்ளே பயன்படுத்த முடிய வேண்டும் என்கின்றன 2023இல் வந்த விதிகள். ஏரிக்கரை அசுத்தமாகக் கூடாது என்று போட்ட விதி அது. பெண்களை நினைத்துப் போட்டதல்ல. ஆனாலும் நடு இரவில் யாரையும் எழுப்பாமல், கதவைத் திறந்து இருட்டில் இறங்காமல் போய்வரலாம் என்பதை நான் இரண்டு முறை படித்தேன்.

பிறகு செய்முறைக் காணொளியைப் பார்த்தோம். கழிப்பறைக்குக் கீழே ஒரு பெட்டி. நிரம்பியதும் வெளியே இழுத்து, அதற்கென்று ஊர்களில் இருக்கும் இடத்தில் கொட்டி, அலசி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும்.

"இதை யாருடி கொட்டுறது?" என்றாள் தோழி.

இருவரும் பேசவில்லை. ஐம்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை.

என் வீட்டில் பதினொரு வருடமாக ஓர் அக்கா வந்து கழிப்பறை கழுவுகிறார். காலையில் நாலு வீடு முடித்துவிட்டு மதியம்தான் ஊர் திரும்புவார். கழுவும் கழிப்பறையை அவர் ஒருநாளும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பயன்படுத்துங்கள் என்று நான் சொன்னதும் இல்லை. பேருந்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான், அவர் எங்கே போகிறார் என்று யோசித்ததில்லை.

மறுநாள் சொன்னேன்: "அக்கா, இங்கேயே போய்க்கோங்க."

துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் கழிச்சா?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் நோட்டை எடுத்து, ரப்பர் கையுறை இரண்டு சோடி என்று எழுதினேன். பெட்டியைக் கொட்டுவது ஒருநாள் அவள், ஒருநாள் நான்.