காயாத வெள்ளைச் சேட்டு

வந்தாறுமூலையில் குளிர்காலம் என்று ஒன்றில்லை. மாரிதான் இருக்கு. ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் எதுவும் ஒழுங்காகக் காயாது. துவாய் காயாது, கொப்பி மட்டை காயாது, சப்பாத்து காயவே காயாது. பள்ளிக்குப் போற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மாரி என்றால் முதலில் வெள்ளைச் சேட்டுத்தான்.

நாங்கள் நாலு பேர், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடம். ஹற்றன், மன்னார், மூதூர், கிளிநொச்சி. கம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில் அம்மம்மா ஒராளின் வீட்டில் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். எங்கட அம்மம்மா இல்லை, வீட்டுக்காரம்மா. ஆனால் பேரப்பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவதால் எங்களுக்கும் அவர் அம்மம்மாதான். தம்பி பத்தாம் ஆண்டு, சின்னவள் நாலாம் ஆண்டு. அவர்களின் அம்மா குவைத்தில், வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருசம். நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்ட முடியாமல், அந்தக் கடனை அடைக்க இன்னொரு இடத்தில் எடுத்து, கடைசியில் விமானம் ஏறியவர். மட்டக்களப்பில் இந்தக் கதையை ஒரு ஒழுங்கையில் நாலு வீட்டில் கேட்கலாம்.

சேட்டுக் கதைக்கு வருவோம். தம்பிக்கு இரண்டு சேட்டு. ஒன்று அரசாங்கம் கொடுத்த துணியில் தைத்தது, மற்றது போன வருசத்தது, கை ஏறிப்போச்சு. பின்னேரம் துவைத்து, அடுப்புக்கு மேலே கட்டின கயிற்றில் போட்டு, விடிய எடுத்தால் பாதி காய்ந்திருக்கும். மீதியை ஸ்திரிக்கைப் பெட்டிச் சூட்டில் காய வைக்கவேணும். கரண்ட் நின்றால் அம்மம்மா பழைய பெட்டியில் சிரட்டைக்கரி போடுவார். சேட்டில் புகை மணக்கும். வகுப்பில் பாதிப் பேரின் சேட்டில் அதே மணம்தானாம்.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது பள்ளி விடுமுறை, தப்பினோம். உயர்தரப் பரீட்சைதான் நடுவில் மாட்டுப்பட்டது. 27ஆம் தேதி நிறுத்தி டிசம்பர் 4இல் திரும்பத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன்ட நோட்ஸை எல்லாம் சொப்பிங் பேக்கில் கட்டி எங்கட அலுமாரிக்கு மேலே கொண்டு வந்து வைத்தாள். கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் வீதி வழக்கம்போலத் தண்ணிக்குள் போய், சனம் வள்ளத்தில் போய் வந்தது.

அந்த நாட்களில்தான் சின்னவள் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கேட்டாள், ‘அக்கா, குளிர்காலத்தில நாங்க என்ன உடுப்போம்?’ படத்தில் பனி, ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். ஹற்றன்காரி தன்ட ஸ்வெட்டரை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அண்டைக்கு வீடியோ கோலில் அவளின் அம்மா காலில் இரண்டு சோடி மேஸ் போட்டதைக் காட்டினார். ‘இங்க இரவில கடும் குளிர் புள்ள’. போன் வைத்த பிறகு சின்னவள் சொன்னாள், ‘அம்மா குளிர்காலத்தில இரிக்கா, நாங்க மாரியில இரிக்கம்.’

ஜனவரியில் பள்ளி திறந்தது. மழை விடவில்லை. ஞாயிறு இரவு நாங்கள் தம்பியின் சேட்டை அயன் பண்ணிக் கொடுத்தோம். வியாழன் பின்னேரம் துவைக்க எடுத்தால், நாங்கள் போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. கொலரில் அழுக்கில்லை. பையைத் திறந்தோம் (திறந்தது பிழைதான்). கொப்பிக்கு நடுவில் ஈரக் களிசான், மீன் செதில்.

கேட்டபோது மறைக்கவில்லை. காலையில் வெளிக்கிட்டு, ஒழுங்கை முடக்கில் உடுப்பு மாற்றி, ஆத்துக்குப் போறான். இங்கே வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். தெரிந்த ஒராளின் தோணியில் வலை இழுக்க. ‘அம்மாட கடன் கெதியா முடிஞ்சா அம்மா வந்திருவா. அம்மாக்குச் சொல்லாதீங்க அக்கா.’

நாங்கள் சொல்லவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினோம். இரண்டு கிழமை சொல்லவில்லை. அவர் போனில் ‘தம்பி பள்ளிக்குப் போறானா?’ என்று கேட்பார். ‘மழைதானே அக்கா, சேட்டு காயல்ல’ என்போம். முழுப் பொய்யும் இல்லை, அதனால் சொல்ல இலகுவாக இருந்தது. எங்களில் ஒருத்தி போன செமஸ்டரில் பாடசாலை இடைவிலகல் பற்றி பிரசன்டேசன் செய்தவள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் மாற்றியதை ஸ்லைட்டில் போட்டுக் கைதட்டும் வாங்கினாள். அவளும்தான் சேட்டுக் காயவில்லை என்று சொன்னாள்.

கடைசியில் அம்மம்மாவிடம் போனோம். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

‘எனக்குத் தெரியும் புள்ளைகள்’ என்றார். எழும்பிப் போய்ப் பழைய மாத்தகரம் ஒன்றை எடுத்து வந்தார். அவன் கொடுத்த காசு முழுக்க அதற்குள்ளே, நூறும் ஐந்நூறுமாக, மீன் மணத்தோட. ஒரு ரூபாய் எடுக்கவில்லை. கடனுக்கும் கட்டவில்லை. ‘ஏன் அம்மம்மா அவனைத் தடுக்கல்ல?’

உடனே பதில் வரவில்லை. பிறகு சூறாவளியைச் சொன்னார். 1978 நவம்பர் 23. அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. இரவோடிரவாகக் கூரை போய், தென்னை எல்லாம் விழுந்து, விடிய வெளியே வந்தால் ஊரே வெளித்துக் கிடந்ததாம். பள்ளி திரும்பத் திறந்தபோது அவரைப் போக விடவில்லை. தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் வேணும். ‘ஒரு மாசம் எண்டுதான் அப்பா சொன்னார்’ என்றார். அவ்வளவுதான், மீனுக்குத் திரும்பினார். (1990இல் எங்கட கம்பஸ் அகதி முகாமாக இருந்த கதையை இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.)

அண்டைக்கு இரவு நாங்கள் குவைத்துக்கு எடுத்தோம். அங்கே இரண்டரை மணித்தியாலம் பிந்தி, அவர் வேலை முடிக்காத நேரம். சொன்னோம், இரண்டு கிழமை மறைத்ததையும் சேர்த்து. எங்களுக்கு ஏசுவார் என்று நினைத்தோம். கனநேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துபோச்சோ என்று பார்த்தோம்.

‘போனை அவனுட்டக் குடுங்க.’

அவன் வாங்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்தோம். அம்மம்மா தகரத்தைக் கொண்டுவந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர்கள் கதைத்தது எங்களுக்கு முழுக்கக் கேட்கவில்லை, மழை தகரத்தில் அடித்தது. கேட்டதையும் இங்கே எழுதமாட்டோம்.

போன கிழமை அவன் மூன்று நாள் பள்ளிக்குப் போனான். இரண்டு நாள் போகவில்லை. ஒரு நாள் உண்மையிலேயே சேட்டு காயவில்லை, மற்றதைப் பற்றி நாங்கள் கேட்டோம், அவன் சொல்லவில்லை. தகரத்துக் காசில் அம்மம்மா மூன்றாவது சேட்டுக்குத் துணி எடுத்திருக்கிறார். தைக்கக் கொடுத்த இடத்தில் மாரிக்குள் தரமாட்டார்களாம். மன்னார்க்காரிக்குத் தைக்கத் தெரியும் என்று இப்போதுதான் தெரிய வந்தது. இன்றிரவு கரண்ட் நிற்காவிட்டால் கையாவது பூட்டி முடித்துவிடுவாள்.